கீழூரில் விழுந்த வாக்குகள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையை நம் மறைமாவட்ட மக்கள் நன்கு அறிவர். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் வளவனூரைக் கடந்து மதகடிப்பட்டை அடைந்ததும் புதுவை மண் தொடங்குகிறது. திருபுவனையைத் தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் மீண்டும் தமிழ்நாடு. அரியூரில் திரும்பவும் புதுவை. அதன்பின் லூர்தன்னைத் திருத்தலம் அமைந்த வில்லியனூர். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாக வருவோர்க்கு எல்லை இத்துணை விளையாட்டுக் காட்டுவதில்லை. பட்டானூர் முடிந்து கோரிமேடு தொடங்குமிடத்தில் ஒரே முறை வந்துவிடுகிறது.

நிலத்தைப் பார்த்தால் இந்த எல்லைக்கு எந்தக் காரணமும் புலப்படாது. ஆறு பிரிக்கவில்லை, மலை பிரிக்கவில்லை, மொழியும் பிரிக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபுகள் பிரெஞ்சுக் கம்பெனிக்கு வழங்கிய கிராமங்கள், ஆங்கிலேயர் போரில் பிடித்தவை, நெப்போலியன் வீழ்ந்தபின் 1816இல் திருப்பித் தந்தவை ஆகிய இவையே அந்தக் கோடு. வயலுக்கு ஒரு அரசும் களத்துமேட்டுக்கு வேறொரு அரசுமாக நம் முன்னோர் வாழ்ந்தனர். திருச்சபை மட்டும் இந்தக் கோட்டைப் பெரிதாக எண்ணவில்லை என்பது நமக்குரிய ஒரு சிறப்பு. புதுவையும் விழுப்புரமும் திண்டிவனமும் ஒரே ஆயரின் கண்காணிப்பில் இருந்தன. பிரெஞ்சு ஆட்சி முடியுமுன்பே, 1953இல், உயர்மறைமாவட்டத்தின் பெயரும் புதுவை-கடலூர் என இரு நாட்டு ஊர்களையும் இணைத்தே அமைந்தது.

இந்த எல்லையில் வாழ்ந்த மக்களை, "நீங்கள் எந்த நாட்டில் இருக்க விரும்புகிறீர்கள்?" என்று யாரேனும் கேட்டதுண்டா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா. விடை அத்துணை எளிதன்று. கேட்பதாக உறுதி கூறினர், கேட்கவில்லை, பிறகு வேறொரு வகையில் கேட்டனர், கேட்டதையே முழுமையாகக் கொள்வதா என்று எட்டாண்டுகள் காத்திருந்தனர்.

பிரான்சு 1946இல் தனக்கென வகுத்துக்கொண்ட அரசியலமைப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொடர்புடைய மக்களின் இசைவு இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் பிறிதொரு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பது செல்லாது என்று விதித்தது. உலகப் போரில் ஜெர்மனியின் காலடியில் கிடந்து எழுந்த ஒரு நாடு இத்தகைய விதியை எழுதிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால், அதே விதி இந்தியாவிலிருந்த அதன் குடியேற்றங்களுக்கும் பொருந்தும் என்றபோது சிக்கல் எழுந்தது. 1948 ஜூனில் இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: மக்களின் விருப்பத்தைப் பொது வாக்கெடுப்பின் வழியே அறிவது, அதன் நாளையும் முறையையும் அந்தந்த ஊர்களின் நகராட்சி மன்றங்கள் முடிவு செய்வது. அவ்வாண்டு அக்டோபரில் நகராட்சித் தேர்தல்கள் நடந்தன. அப்போது எல்லைக்கு இப்பாலிருந்த சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் இராமசாமி ரெட்டியார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

வங்காளத்தின் சந்திரநாகூர் முந்திக்கொண்டது. 1949 ஜூன் 19 அன்று அங்கு நடந்த வாக்கெடுப்பில் 7,463 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். எதிர்த்தவர் 114 பேர். அதனைக் கண்ட பிரெஞ்சு அரசு புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கிலும் வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டது. இந்தியாவோ அதே 1949இல் சுங்க உடன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் மேற்சொன்ன சாலைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. சந்தைக்குச் சென்ற வண்டி, பெண் கொடுத்த வீட்டுக்குச் சென்ற மூட்டை, திருவிழாவுக்குச் சென்ற கூட்டம் யாவும் சுங்க அலுவலரின் கண்ணுக்குத் தப்பாமல் செல்ல இயலாதெனும் நிலை ஏற்பட்டது. மக்களின் கருத்தைக் கேட்பதற்கு முன்பே அவர்களின் சாலையை மறித்தாயிற்று!

1951இல் நடுநிலைப் பார்வையாளர் குழு ஒன்று வந்து பார்த்தது. அன்றிருந்த சூழலில் அச்சமற்ற, நேர்மையான வாக்கெடுப்புக்கு இடமில்லை என்பதே அதன் கருத்தாக அமைந்தது. வாக்காளர் பட்டியல்கள் நம்பத்தக்கனவாக இல்லை. தேர்தல்களில் அடியாட்களின் ஆதிக்கம் அனைவரும் அறிந்ததே. 1952இல் இந்திய அரசு, வாக்கெடுப்பு இனித் தேவையில்லை, நேரடியாக ஒப்படைக்க வேண்டும் என்ற நிலையை எடுத்தது. இந்த இடத்தில் வரலாற்றாசிரியர் பலர் பிரான்சின் மீதே பழி சுமத்திக் கடந்துவிடுகின்றனர். தேர்தலைக் கெடுத்தவர்கள் மீது பழி சுமத்துவது நியாயமே. ஆயினும், பட்டியல் கெட்டிருந்தால் பட்டியலைத் திருத்தக் கோருவது ஒரு வழி. கேட்பதையே கைவிடுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

1954 மார்ச்சில் நிகழ்வுகள் விரைந்தன. முதலியார்பேட்டை நகராட்சி இணைப்புத் தீர்மானம் நிறைவேற்ற, ஏனைய நகராட்சிகள் பின்தொடர்ந்தன. அதுவரை பிரெஞ்சு அரசின் தூணாக விளங்கிய எதுவார் குபேர் அணி மாறி, நெட்டப்பாக்கத்தில் ஒரு தற்காலிக அரசை நிறுவினார். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா தம் வழியில் போராட்டத்தை நடத்தினார். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டு நீங்கின. எல்லையில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின.

இந்நிலையில்தான் புதுவையின் மேற்கெல்லையோரச் சிற்றூராகிய கீழூர் வரலாற்றில் இடம்பெற்றது. 1954 அக்டோபர் 18 அன்று, பிரதிநிதித்துவ சபையினரும் நகராட்சி மன்றத்தினருமாகிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்குக் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, புதுதில்லியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சாலையில் இருந்த சாவடிகள் அகன்றன. எவரும் துப்பாக்கி தூக்காமல், ஒரு பேரரசின் கொடி ஒரு காலைப்பொழுதில் இறங்கி மற்றொரு கொடி ஏறியது. கோவாவில் ஏழாண்டு கழித்துப் படை செல்ல நேர்ந்ததையும் அல்ஜீரியாவில் ஓடிய குருதியையும் எண்ணிப் பார்ப்பவர் கீழூரை எளிதாக எண்ணமாட்டார்.

ஆனால், கீழூரில் நடந்தது பொது வாக்கெடுப்பு அன்று. மேடைகளில் அப்படிச் சொல்லக் கேட்கிறோம், அது சரியன்று. மக்கள் வாக்களிக்கவில்லை; மக்கள் முன்னர்த் தேர்ந்தெடுத்தவர்கள் வாக்களித்தனர். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, எந்தத் தேர்தல் முறை கெட்டது என்று சொல்லி வாக்கெடுப்பு கைவிடப்பட்டதோ, அதே முறையில்! அந்த 178 பேரில் பலர் ஓராண்டுக்கு முன் பிரான்சே போதும் என்றிருந்தவர்கள். அவர்கள் மனம் மாறியது மக்களின் மனத்தை அறிந்தா, காற்றின் திசையை அறிந்தா என்பதை இறைவன் அறிவார்.

எனினும் முடிவு மக்களின் விருப்பத்துக்கு மாறாக இருந்தது என்று நான் கூறவில்லை. சந்திரநாகூரின் கணக்கைப் பார்த்தால், புதுவையிலும் பெரும்பான்மை இணைப்பின் பக்கமே நின்றிருக்கும் என நம்ப இடமுண்டு. கேள்வி முடிவைப் பற்றியதன்று; முறையைப் பற்றியது. அனைவரையும் தொடுவதை அனைவரும் ஏற்க வேண்டும் என்னும் கருத்து உரோமைச் சட்டத்திலிருந்து திருச்சபைச் சட்டத்துக்குள் வந்து, எட்டாம் போனிபாஸ் திருத்தந்தை 1298இல் வெளியிட்ட தொகுப்பின் விதிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 119ஆம் விதியிலும் அது வாழ்கிறது. அனைவருக்காகச் சிலர் பேசுவதற்கும், அனைவரும் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றைய சட்ட அறிஞர்களே உணர்ந்திருந்தனர்.

பிரான்சின் பாராளுமன்றத்துக்கும் அந்த உறுத்தல் இருந்ததோ என்னவோ! 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தை அது ஆறாண்டுகள் ஏற்பளிக்காமல் வைத்திருந்தது. அல்ஜீரியாவை வைத்துக்கொண்டு புதுவையை விட்டுவிட்டால் என்ன முன்மாதிரி ஆகும் என்னும் அச்சமே முதன்மைக் காரணம். அல்ஜீரியச் சிக்கல் 1962இல் தீர்ந்த பின்னரே ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் ஆறு மாதத்துக்குள் ஒவ்வொருவரும் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம் இடமளித்தது. சுமார் 5,000 பேர் அவ்வாறு தேர்ந்துகொண்டனர். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே, "உன் விருப்பம் என்ன?" என்று இந்த முழு வரலாற்றிலும் கேட்டது இந்த ஒரு விதிதான். அதுவும் நாட்டைப் பற்றியன்று, தன்னைப் பற்றி மட்டுமே.

அவ்வொப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு நம் கவனத்துக்குரியது. 1954 நவம்பருக்கு முன் இருந்த தனி ஆட்சி நிலை இப்பகுதிகளுக்குத் தொடரும். அந்நிலையில் பின்னாளில் செய்யப்படும் எந்த அரசியலமைப்பு மாற்றமும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்பது அதன் சாரம். எப்படி அறிவது என்று அது சொல்லவில்லை. பிரதிநிதிகளின் வாயிலாகவா? ஒவ்வொருவரின் வாக்குச்சீட்டாலா? கீழூரில் விடுபட்ட அதே கேள்வி ஒப்பந்தத்திலும் விடுபட்டது.

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் பொது வாக்கெடுப்புக்கு இடமேயில்லை. சட்டத்தைத் திருத்த 368ஆம் பிரிவு போதும். பாராளுமன்றமும், சிலவற்றில் மாநிலச் சட்டமன்றங்களும் இசைந்தால் முடிந்தது. மாநில எல்லையை மாற்றவோ, 3ஆம் பிரிவின்படி, சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். அதற்கு உடன்பட வேண்டும் என்பதில்லை. மாவட்டம் என்றால் அதுவும் இல்லை. 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோதும், 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தபோதும் அரசாணையே போதுமானதாயிருந்தது. நாமும் அதைக் குறையாக எண்ணவில்லை. அந்த வகையில் பார்த்தால், எல்லைக்கு அப்பாலிருக்கும் அரியூர்க்காரனுக்கு ஒப்பந்தம் தந்திருக்கும் உறுதிமொழி, இப்பாலிருக்கும் கண்டமங்கலத்துக்காரனுக்குக் கிடையாது.

சுதந்திர இந்தியாவில் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி மக்களை நேரடியாகக் கேட்டது கோவாவில். அந்தக் கதை கீழூருக்கு ஓர் எதிர்க்கண்ணாடி. 1963 தேர்தலில் வென்று ஆட்சியமைத்த கட்சி கோவாவை மகாராஷ்டிரத்துடன் இணைக்க விரும்பியது. சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டால் காரியம் முடிந்துவிடும் நிலை. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த கத்தோலிக்கர் ஜாக் தெ செக்கேரா, இது சட்டமன்றம் மட்டும் தீர்க்கும் காரியமன்று, மக்களைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1967 ஜனவரி 16 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இணைய வேண்டும் என்றோர் 1,38,170. யூனியன் பிரதேசமாகவே இருக்கட்டும் என்றோர் 1,72,191. அதே மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் ஒன்றைச் சொல்லவிருந்தது; மக்கள் மற்றொன்றைச் சொன்னார்கள். பிரதிநிதியின் வாக்கும் மக்களின் வாக்கும் எப்போதும் ஒன்றே என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை. இன்னுமொன்று: கோவா மக்களைக் கேட்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தவில்லை.

நெருக்கடி நிலை முடிந்தபின் 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு, அரசியலமைப்புச் சட்டத்தை மறுபடி எவரும் எளிதாக வளைத்துவிடக் கூடாது என்று எண்ணியது. 1978இல் அது கொண்டுவந்த 45ஆம் திருத்த மசோதாவில் ஒரு புதுமை இருந்தது. நாட்டின் சமயச் சார்பற்ற தன்மை, மக்களாட்சி, அடிப்படை உரிமைகள், நேர்மையான தேர்தல், நீதித்துறையின் சுதந்திரம் ஆகியவற்றைக் குலைக்கும் எந்தத் திருத்தமும் நாடு தழுவிய பொது வாக்கெடுப்பில் மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். வாக்காளருள் குறைந்தது 51 விழுக்காட்டினர் அதில் கலந்துகொண்டிருக்கவும் வேண்டும். மக்களவை இதை ஏற்றது. காங்கிரசுக்குப் பெரும்பான்மை இருந்த மாநிலங்களவை இந்தக் கூற்றையும் நீக்கிவிட்டது. எஞ்சியவை 44ஆம் திருத்தமாகச் சட்டமாயின. இந்தியக் குடியரசு தன் மக்களிடம் நேரடியாகக் கேட்கும் வழியைச் சட்டமாக்குவதற்கு மிக அருகில் வந்து திரும்பியது அந்த ஒருமுறைதான்.

இனி நிகழ்ந்ததைக் கவனியுங்கள். அதே ஜனதா அரசு, அதற்கு ஐந்து மாதங்களுக்குள், 1979 ஜனவரியில், புதுவை யூனியன் பிரதேசத்தைக் கலைத்து அண்டை மாநிலங்களுடன் இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டது! பிரதமர் மொரார்ஜி தேசாய். புதுவையில் அப்போது சட்டமன்றமே இல்லை. முந்திய நவம்பரிலேயே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது. ஆக, மக்களையும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பிரதிநிதிகளும் இல்லை. மக்களின் இசைவைச் சட்டத்தில் எழுத முயன்ற கையே, மக்களின் இசைவை எழுத்தில் வாக்களித்திருந்த ஒப்பந்தத்தை மறந்தது. புதுவை கொதித்தெழுந்தது. கடையடைப்பு, மறியல், காவல்துறையின் துப்பாக்கிச்சூடு என நாள்கள் கழிந்தன. விழுப்புரம் சாலையும் திண்டிவனம் சாலையும் 1954க்குப் பின் மீண்டும் அரசியலுக்குப் பணயமாயின. கடைசியில் மைய அரசு பின்வாங்கியது. மக்களின் விருப்பம் அறியப்பட்டது உண்மையே. வாக்குச்சீட்டால் அறிய வேண்டியதைக் கல்லாலும் குண்டாலும் அறிந்தனர்.

ஒரு சிறு செய்தி வழியாக இக்கேள்வி அண்மையில் மீண்டும் தலைகாட்டியது. அது தலைக்கவசம். வாகனப் போக்குவரத்து, அரசியலமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35ஆம் இனம். வாகன வரி மாநிலப் பட்டியலில் 57ஆம் இனம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இடத்தில் 1989 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இருசக்கர வண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. சட்டம் விழுப்புரத்துக்கும் வில்லியனூருக்கும் ஒன்றே. நடைமுறைதான் வேறாக இருந்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற ஆணைப்படி 2015 ஜூலை முதல் கெடுபிடி வந்தது. ஆதலால், டிஎன் 32 என்றோ டிஎன் 16 என்றோ எண்பலகை தாங்கிய வண்டிக்காரர் மதகடிப்பட்டில் கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுவதும், கண்டமங்கலத்தில் எடுத்து அணிவதும், அரியூரில் மறுபடி கழற்றுவதும் ஒரு காலத்தில் வழக்கமான காட்சி. நெப்போலியன் காலத்து எல்லையை இத்துணைத் துல்லியமாக நினைவில் வைத்திருந்த வரலாற்று மாணவர் வேறெவரும் இருந்திருக்க முடியாது.

2019 பிப்ரவரி 11 முதல் புதுவையில் தலைக்கவசம் கட்டாயம் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி முனைந்தார். தாமே சாலையில் இறங்கி ஓட்டுநர்களைத் தடுத்து நிறுத்தினார். முதலமைச்சர் நாராயணசாமியோ, முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக நடைமுறை என்றார். 13ஆம் நாள் தொடங்கி ஆறு நாள்கள் அவர் ஆளுநர் மாளிகை வாயிலில் தம் அமைச்சர்களுடன் தர்ணாவில் அமர்ந்தார். கோரிக்கைகள் பல, தலைக்கவசம் அவற்றுள் ஒன்று.

விபத்தில் மாண்ட இளைஞர்களின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றிய எந்தக் குருவும் தலைக்கவசத்துக்கு எதிராக ஒரு வரி எழுதமாட்டார். கிரண் பேடி கேட்டது நல்லதே. ஆனால், நல்லதை யார் சொல்வது என்பதில்தான் வழக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையா, மைய அரசு அமர்த்திய ஆளுநரா? 1962ஆம் ஆண்டின் 14ஆம் திருத்தம் புதுவையை யூனியன் பிரதேசமாக்கி, 239-அ பிரிவின் வழியே சட்டமன்றத்துக்கு இடமளித்தது. இருவரின் அதிகார எல்லையை மட்டும் தெளிவாக வகுக்கவில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, அன்றாட ஆட்சியில் ஆளுநர் தலையிடலாகாது என்று தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு பேசிய அந்தத் தனி ஆட்சி நிலை என்பது உண்மையில் யாருடைய ஆட்சி என்பதை நீதிமன்றம் ஆராய நேர்ந்தது.

கீழூரில் இப்போது ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 அன்று அங்குக் கொடியேற்றித் தியாகிகளைச் சிறப்பிக்கின்றனர். பிரதான சாலையிலிருந்து விலகி வயல்களுக்கிடையே அமைந்திருப்பதால், விழுப்புரம் பேருந்தில் செல்வோர் அதைக் காண்பதில்லை. முழு மாநிலத் தகுதி கோரிப் புதுவைச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்பியிருக்கிறது. 1954இல் கீழூரில் கூடியவர்களைப் போல, அந்தத் தீர்மானங்களுக்குக் கை தூக்கியவர்களும் பிரதிநிதிகளே. மாநிலமா, யூனியன் பிரதேசமா, இணைப்பா என்று வில்லியனூர்க்காரரையோ பாகூர்க்காரரையோ வாக்குச்சீட்டோடு கேட்ட நாள் இன்றுவரை வரவில்லை.